பீப்பாய்க்குச் சுதி சேர்ப்பவர்

டிரினிடாட்-டொபேகோ நாட்டின் அரசுச் சின்னத்தில் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் இருந்தன. 2025 ஜனவரியில் அவற்றை இறக்கிவிட்டு ஸ்டீல்பானை ஏற்றுவதற்கு நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிச் செய்த வாத்தியத்துக்கு அந்த இடம்! செய்திகளில் எங்கு பார்த்தாலும் வாசிப்பவர்களின் படங்கள். செய்கிறவர் ஒருவரின் முகம்கூட இல்லை. டொரன்டோவில் வாழும் டிரினிடாட் நண்பரிடம் இதைச் சொன்னேன். "என் மாமாவோடு பள்ளியில் படித்தவர் ஒருவர் ஸ்டீல்பானுக்குச் சுதி சேர்க்கும் ட்யூனராக இருக்கிறார். ஆனால் கார்னிவல் நேரத்தில் அவரைப் பிடிப்பது கஷ்டம்" என்றபடியே எண்ணைத் தந்தார். பிப்ரவரி நடுவில் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இறங்கினேன்.

ட்யூனர் மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தார். காலை முழுக்கக் கால்போன போக்கில் நடந்தேன். டிசம்பர் கடைசியில் அறிவித்த அவசரநிலை அப்போதும் அமலில் இருந்தது. ஊர் அதற்காக அடங்கிவிடவில்லை. இன்டிபென்டன்ஸ் சதுக்கத்தில் பிரையன் லாராவின் பெயர் கொண்ட நடைபாதை ஓரம், மஞ்சள் பட்டை போட்ட மாக்ஸி டாக்ஸி சிற்றுந்துகள் ஆளுக்கொரு சோக்கா பாட்டை அலறவிட்டபடி நின்றன. "குட் மார்னிங்" சொல்லாமல் இங்கே யாரிடமும் வழி கேட்கக் கூடாது. சொன்னால் வழியோடு கதையும் கிடைக்கும். தள்ளுவண்டியில் டபுள்ஸ் வாங்கினேன்: மெத்தென்ற இரண்டு 'பாரா', நடுவே குழைய வெந்த கொண்டைக்கடலை. "பெப்பர்?" என்றார் வண்டிக்கார அம்மா. நண்பர் சொல்லிக்கொடுத்தபடி "ஸ்லைட்" என்றேன். அந்தச் சிறு காரத்துக்கே கண்ணில் நீர் வந்தது. 1845இல் கல்கத்தாவிலிருந்து ஃபாட்டல் ரசாக் கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக முதன்முதலில் வந்து இறங்கியவர்களின் கைப்பக்குவம் இந்தத் தெருக்களில் இன்னும் மணக்கிறது.

சேப்பங்கிழங்குக் குவியல்களுக்கு நடுவே சார்லட் தெருவில் மேலேறினால் ரெனிகேட்ஸ் ஸ்டீல்பான் குழுவின் பான்யார்டு. டியூக் தெருவில் ஆல் ஸ்டார்ஸ். பான்யார்டு என்றால் பெரிய திறந்தவெளி. இரும்புச் சட்டங்களில் நூற்றுக்கணக்கான பான்கள் தொங்குகின்றன. சில பலகைகளில் புரவலர் நிறுவனத்தின் பெயர் முன்னாலும் குழுவின் பெயர் பின்னாலும் இருக்கிறது.

லாவென்டில் குன்றின் அடிவாரத்தில், ஒரு சந்தின் கடைசியில் இருந்தது பட்டறை. தகரக் கூரை, மண்தரை. ட்யூனருக்கு 68 வயது. கை கொடுத்துவிட்டு, ஒரு மரப்பெட்டியை இழுத்துத் தன் வலப்பக்கம் போட்டு "இங்கே உட்காருங்கள்" என்றார். தன் பெயரை எழுத வேண்டாம் என்றார். அதனால் எழுதவில்லை.

பானின் கதை ஒரு தடையில் தொடங்குகிறது. ஆப்பிரிக்க வம்சத்தவரின் தோல் முரசுகளைப் பிரிட்டிஷ் அரசு 1880களில் அடக்கியது. அவர்கள் மூங்கிலைத் தரையில் இடித்தார்கள். 1930களில் பிஸ்கட் டின்னையும் குப்பைத்தொட்டியையும் தட்டினார்கள். அடுத்து 55 கேலன் எண்ணெய்ப் பீப்பாய் வந்தது. இவர் சிறுவனாக இருந்தபோது பான் தொட்டவனுக்கு 'பேட்ஜான்' என்று பெயர், அதாவது ரவுடி. 14 வயதில் ஒரு மூத்த ட்யூனரின் பட்டறைக்கு ஓடிப்போனவரை அவருடைய அம்மா ஒரு வருடம் வீட்டில் சேர்க்கவில்லையாம்.

பீப்பாயின் தட்டில் பள்ளம் இறக்குவதை உதவியாளர் ஒருவர் செய்துகொண்டிருந்தார். கைப்பிடியைக் குட்டையாக வெட்டிய சம்மட்டியால் சுற்றிச் சுற்றி அடித்து, தட்டையாக இருந்ததைக் கிண்ணமாக்க வேண்டும். பிறகு சுரங்களின் எல்லையைக் கோடிட்டுப் பொளிந்து, பக்கச் சுவரை அறுத்து, நெருப்பில் காட்டுகிறார்கள். சூட்டில் இரும்பு நீலம் பாய்கிறது. நான் பிரமித்து நின்றது அதற்கடுத்த, சுதி சேர்க்கும் வேலையில்தான்.

அதற்கு ஒரே கருவி: உள்ளங்கையளவு தலை கொண்ட சுத்தியல். தலையின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து அவரே வழவழப்பாக்கியது. அவருக்கு அதைக் கொடுத்தவர் அந்தப் பழைய குரு. பிடி நான்கு முறை மாறியிருக்கிறது, தலை மாறவில்லை. டெனர் பானில் 28, 29 சுரங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சிறு மேடு. அடியிலிருந்து தட்டினால் எழும், மேலிருந்து தட்டினால் அமுங்கும். அந்த வளைவில் மயிரிழை மாறினாலும் சுதி நகரும். ஒரு சுரத்துக்குள்ளேயே அதன் மேல்ஸ்தாயியும் வேறு கிளை ஒலிகளும் இருக்கின்றன. நீளவாக்கில் ஒரு தட்டு ஒன்றைத் திருத்தும், குறுக்குவாக்கில் ஒரு தட்டு இன்னொன்றை. சரிசெய்து நிமிர்ந்தால் பக்கத்துச் சுரம் கலைந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு சுரத்தோடு அவர் 40 நிமிடம் மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். அருகில் சுதி காட்டும் கருவியும் இருந்தது. "சரியா தப்பா என்று அது சொல்லும். இனிக்கிறதா என்று நான்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

பள்ளம் இறக்கும்போது காதடைப்பான் போடலாம். சுதி சேர்க்கும்போது எப்படிப் போடுவது? அடியைக் கேட்டால்தானே ஒலியைக் கேட்க முடியும்? 50 வருடமாக முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இரும்போடு இரும்பு மோதியிருக்கிறது. அவருடைய இடக்காது ஏறக்குறைய போய்விட்டது. உச்சஸ்தாயிச் சுரங்களுக்குப் பேத்தியைக் கூப்பிட்டு உறுதிசெய்துகொள்கிறார். எந்தப் புலனை நம்பி இந்தத் தொழில் நிற்கிறதோ, அந்தப் புலனையே அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

1992இல் தேசிய வாத்தியம் என்றார்கள். 2023இல் ஐ.நா. ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் நாள் என்று அறிவித்தது. இந்தக் காதுக்கு யார் என்ன செய்தார்கள்? கார்னிவலுக்கு முந்தைய மாதங்களில் அவருக்குத் தூங்க நேரமில்லை; மீதி வருடம் தூங்குவதைத் தவிர வேலையில்லை. போட்டிப் பரிசுப் பணம் வந்ததும் தருகிறோம் என்பார்கள் குழுக்காரர்கள், அது எப்போது வரும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தரகர் ஒருவர் இவரிடம் மொத்தமாக வாங்கி, உட்புறம் தன் முத்திரையைக் குத்தி விற்றிருக்கிறார். விற்ற விலையில் கால்பங்குகூட இவருக்கு வரவில்லை. சுத்தியல் பிடித்தவனுக்குக் கூலி, முத்திரை பிடித்தவனுக்குச் செல்வம். இது கொள்ளை. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. 2001இல் அமெரிக்காவில் இரண்டு பேர், நீரழுத்தத்தால் பானின் கிண்ணத்தை வடிக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது இந்தத் தீவு கொதித்தது. கொதித்தவர்கள் இந்தச் சந்துக்கும் ஒருமுறை வந்திருக்கலாம்.

நான் மானாமதுரை கடத்தைப் பற்றிச் சொன்னேன். 2000இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்த 'ஹாங்' என்ற வாத்தியத்துக்கு இவருடைய பானும் நம் கடமும் தாய் தந்தை. அது அவருக்குத் தெரிந்திருந்தது, கடம் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரியவில்லை. ஈர மண்ணைப் பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டித்தான் நாதம் வரவைக்கிறார்கள் என்றேன். சுத்தியலைக் கீழே வைத்தார். "அவர்களுக்குக் காது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். மானாமதுரைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். அதை நான் கேட்டதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு ஒரு பான்யார்டுக்குக் கூட்டிப்போனார். கார்னிவலை ஒட்டி நடக்கும் பனோரமா என்ற ஸ்டீல்பான் போட்டிக்கான ஒத்திகை. ஏறக்குறைய நூறு பேர், ரப்பர் முனைக் குச்சிகள், ஒரே நேரத்தில் கிளம்பும் அந்த ஒலியில் என் விலா எலும்பு அதிர்ந்தது. அவர் கண்ணை மூடித் தலையை இடப்பக்கம் திருப்பி நின்றார், வலக்காது வாத்தியங்களை நோக்கி. திடீரென்று வரிசைகளுக்குள் நுழைந்தார். மூன்றாம் வரிசையில் பள்ளிச் சீருடை மாற்றாமல் நின்ற ஒரு பெண்ணின் பானில் விரலை வைத்து, இடுப்பிலிருந்து சுத்தியலை எடுத்து, இரண்டே தட்டு. அவள் அந்தச் சுரத்தை வாசித்துப் பார்த்துத் தலையாட்டினாள். பாட்டு நிற்கவே இல்லை.

திரும்பி வந்தவர் என்னிடம் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. நான் சொன்னது அவருக்கும் கேட்கவில்லை. நகர்ந்து அவருடைய வலப்பக்கம் போய் நின்றுகொண்டேன்.