அம்மாவின் கட்டிலடியில் ஒரு பற்றரி

மின்சாரம் இல்லாத வாழ்க்கை எங்கள் தலைமுறைக்குப் புதியதல்ல. 1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்ட பின்னர் யாழ். குடாநாடு ஆண்டுக்கணக்கில் இருளில் கிடந்தது. பொருளாதாரத் தடையால் ரோர்ச் பற்றரிகூட வடக்கே வர முடியாத காலம் அது. பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்னில் பி.பி.சி. தமிழோசை கேட்டோம். செத்துப்போன பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இன்னும் அரை மணித்தியாலம் பாடாதா என்று ஏங்கினோம்.

பற்றரி ஒன்றுக்காக அப்படித் தவமிருந்தவன், கையில் நல்ல பற்றரி கிடைத்தபோது அதை எப்படி நடத்தினேன் என்பதே இந்தக் கதை.

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. எண்பதைக் கடந்த அம்மாவுக்கு இரவில் ஒரு விளக்கும் ஒரு சிறு மின்விசிறியும் வேண்டியிருந்தன. கணினிக்குப் பயன்படும் யு.பி.எஸ்.ஸினுள் இருக்குமே, செங்கல்லை விடச் சிறிய, மூடி முத்திரையிட்ட ஈய அமில பற்றரி. 12 வோல்ற், 7 அம்பியர் மணி. அதில் ஒன்றை வாங்கி அம்மாவின் கட்டிலடியில் வைத்தேன். சார்ஜருக்கு நான் அலையவில்லை. வீட்டில் கிடந்த, கார் பற்றரிக்கான பழைய சார்ஜரையே மாட்டினேன். கார் பற்றரியும் 12 வோல்ற், இதுவும் 12 வோல்ற் என்பது என் கலைப்பீடத்துத் தர்க்கம்.

ஒருநாள் மின்சாரம் வந்திருந்த பின்னிரவில் அழுகிய முட்டை மணம் எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், பற்றரியின் பக்கங்கள் பலாக்காய் போல வீங்கியிருந்தன. தொட முடியாத சூடு. பதற்றத்தில் கம்பியின் கவ்வியைப் பிடுங்கக் குனிந்தேன்.

“தம்பி, அதிலை கை வையாதை! முதல்லை சுவிச்சை நிப்பாட்டு!” என்று அம்மா கட்டிலிலிருந்தே கத்தினார்.

நிறுத்தினேன். யன்னல்களைத் திறந்து, அம்மாவை முன்விறாந்தைக்குக் கூட்டிவந்து இருத்தினேன். பற்றரி ஆறும்வரை ஒருவரும் அறைக்குள் போகவில்லை.

மறுநாள் சந்தியிலுள்ள மின்சாதனத் திருத்துநரிடம் போனேன். என்னை விட இருபது வயது இளையவர். கதையைக் கேட்டுவிட்டு, “அண்ணை, அம்மா உங்களைக் காப்பாத்தியிருக்கிறா” என்றார். அளவுக்கு மீறி மின்னேற்றினால் உள்ளே நீர் பிரிந்து ஐதரசன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். மின்னோட்டம் இருக்கும்போதே கவ்வியைக் கழற்றினால் பொறி பறப்பது அந்த இடத்தில்தான்.

முத்திரையிட்டது என்றால் முற்றாக அடைத்தது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. முறையாக மின்னேற்றும்போது உள்ளே பிறக்கும் ஒட்சிசன் மறுதகட்டில் சேர்ந்து மீண்டும் நீராகிவிடும். வரம்பு மீறினால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது; அழுத்தம் கூடி, சிறு வால்வு திறந்து வாயு வெளியேறும். இழந்த நீரை ஊற்றவும் வழியில்லை.

வோல்ற் அளவு ஒன்றானாலும் கொள்ளளவு வேறு என்பது எனக்கான இரண்டாவது பாடம். இந்த வகைப் பற்றரிக்கு அதன் கொள்ளளவில் பத்திலொரு பங்கு மின்னோட்டம் உகந்தது. அதாவது 7 அம்பியர் மணிக்கு 0.7 அம்பியர். உச்ச வரம்பு பற்றரியின் உடலிலேயே அச்சிடப்பட்டிருக்கும், பெரும்பாலும் 2.1 அம்பியர் அளவில். எனது பழைய சார்ஜர் அதைப்போல் இரு மடங்கைத் திணித்தது. தானாக நிற்கும் வசதியும் அதற்கு இல்லை.

அதே அச்சில் இரண்டு வோல்ற் அளவுகளும் இருக்கும். எப்போதும் இணைத்தே வைப்பதாயின் 13.5 முதல் 13.8 வரை. அன்றாடம் பாவித்து அன்றாடம் ஏற்றுவதாயின் 14.4 அல்லது சற்று மேல். ஆனால் நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். இவை 25 பாகை வெப்பநிலைக்கானவை. எங்கள் சித்திரை வெயிலுக்கு ஏறத்தாழ 0.2 வோல்ற் குறைத்தால் நல்லது. வெறுமையான பற்றரி நிறைய 12 முதல் 14 மணித்தியாலம் எடுக்கும். அவசரப்படுத்தக் கூடாது.

நிறைந்ததா என்று அறிய, கழற்றிச் சில மணித்தியாலங்கள் ஆறவிட்டு மீற்றரால் பார்க்கலாம். 12.8க்கு மேல் என்றால் நிறைவு. 12க்குக் கிட்ட என்றால் ஏறக்குறைய வெறுமை. வெறுமையாகவே நாட்கணக்கில் கிடக்கவிட்டால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகி, பிறகு மின்னை ஏற்காது. பாவிக்காமல் வைத்தாலும் எங்கள் வெப்பத்தில் மூன்று மாதத்துக்கொரு முறை ஏற்ற வேண்டும். மின்னேற்றும் இடம் காற்றோட்டமானதாக, படுக்கையிலிருந்தும் சுவாமி விளக்கிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து மூடக் கூடாது, தலைகீழாகவும் கூடாது. வீங்கியதை மறுபடி ஏற்றிப் பார்க்கவே கூடாது.

வீங்கிய பற்றரியை வளவில் புதைத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “ஈயம் அண்ணை. நாங்கள் கிணத்துத் தண்ணியல்லோ குடிக்கிறம்” என்றார். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மேலே போட்டது கீழே போகும். பழைய பற்றரி வாங்குவோரிடம் உடைக்காமல் சேர்ப்பித்தேன்.

இப்போது புதிய பற்றரி, அதற்கே உரிய சார்ஜருடன் விறாந்தை மூலையில் ஓட்டுத் துண்டின் மேல் இருக்கிறது. நீண்ட கம்பி ஒன்று அம்மாவின் விளக்குக்குப் போகிறது. பகலில்தான் மின்னேற்றுகிறேன், நான் விழித்திருக்கும் வேளையில்.

அன்றிரவு சுவிச்சை நிறுத்தச் சொல்ல எப்படித் தோன்றியது என்று அம்மாவிடம் பின்னர் கேட்டேன். “எனக்கு உந்தப் படிப்பொண்டும் தெரியாது. சூடானதைக் கண்டா முதல்லை அடுப்பையெல்லோ நிப்பாட்ட வேணும்” என்றார்.

புலம்பெயர்ந்து வாழும் உங்களில் பலர் ஊரிலுள்ள பெற்றோருக்கு அவசர விளக்கோ பற்றரியோ வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, அது எரிகிறதா என்று மட்டும் கேளாதீர்கள். எந்தச் சார்ஜரில், வீட்டின் எந்த இடத்தில் ஏற்றுகிறார்கள் என்றும் கேளுங்கள்.