திரும்பும் வழி

விளக்கு ஒளி தருகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வொளி பிறப்பதற்கு மின்சாரம் வர ஒரு வழியும், வந்தது திரும்பிச் செல்ல ஒரு வழியும் வேண்டும். வரும் வழி வண்ணக் கம்பியாய்க் கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பும் வழியை நினைப்பவர் சிலரே. இவ்வுண்மையைப் பள்ளியில் படித்துத் தேர்வும் எழுதியவர்கள்தாம் நாம். ஆயினும் அதன் பொருளை நமக்கு விளங்க வைத்தவர், தாராவி 90 அடிச் சாலையோரத்தில் பழைய டாக்சிகளின் முன்னே குந்தியிருந்து பிழைத்த ஒரு வயரிங் தொழிலாளி.

அந்த டாக்சிகளை அறியாத பம்பாய்வாசி இல்லை. வால்சந்த் ஹீராசந்த் 1944 ஆம் ஆண்டில் தோற்றுவித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், இத்தாலிய ஃபியட் 1100 டி வகைக் காரை 1964 முதல் இங்கே உருவாக்கிற்று. குர்லா ஆலையில் பிறந்த அக்கார் 1974 முதல் ‘பிரீமியர் பத்மினி’ என்று பெயர் பெற்றது. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாக அது நகரத்தின் அடையாளமே ஆகிவிட்டது. 2000 ஆம் ஆண்டளவில் உற்பத்தி நின்றது. டாக்சியாகப் பதிவு பெற்ற கடைசி வண்டி 2003 அக்டோபர் 29 ஆம் நாளுக்குரியது. இருபதாண்டு வரம்பு முடிந்து, 2023 அக்டோபர் 30 அன்று பத்மினி டாக்சி மும்பைச் சாலைகளிடம் விடைபெற்றது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இவ்வண்டிகளிற் பல முதுமை எய்திவிட்டன. கடற்காற்றும் மழையும் அவற்றின் நரம்புகளைத் தின்றுகொண்டிருந்தன.

நாம் மாதுங்காவில் குடியிருந்த 1990களில், தெருமுனையில் வண்டி நிறுத்தும் ஓட்டுநர் ஒருவர் நமக்கு அணுக்கமானார். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்; குடும்பம் தாராவியில் இருந்தது. வண்டி அவருடையதன்று. பகலில் ஒருவர், இரவில் இவர் என்று முறை வைத்து ஓட்டினர். விடியலில் உரிமையாளருக்கு வாடகை கொடுத்தபின் எஞ்சுவதே ஊதியம். ஓட்டாத நாளுக்கும் வாடகை உண்டு. பகலில் ஓட்டுபவருக்கு முகப்பு விளக்கைப் பற்றிக் கவலையில்லை. விளக்குக் கெட்டால் இவருடைய அடுப்புதான் அணையும்.

ஆடி மாதத்து மழை நாளொன்றில் இடப்பக்க விளக்கு மங்கிற்று. செம்பூர் சவாரியை முடித்துத் திரும்பும்போது, சயான் அருகே கைவண்டி இழுத்துச் சென்ற ஒருவரை மிக நெருங்கிய பின்னரே கண்டாராம். வண்டி நின்றுவிட்டது, கை நடுக்கம் நிற்க நெடுநேரமாயிற்று. மறுநாள் புதிய பல்பு போட்டார். மூன்று நாள் நன்றாக எரிந்தது. பின் மீண்டும் மங்கிற்று. இரண்டாவது பல்பும் அவ்வாறே ஆயிற்று. கடைக்காரர் ஒருவர், நூறு வாட் பல்பு போட்டால் தொல்லை தீரும் என்றார். அதை வாங்கப் பணம் புரட்டும் முன், ஒரு ஞாயிறு காலையில், நம்மையும் உடன் அழைத்துக்கொண்டு அந்தத் தொழிலாளியிடம் சென்றார்.

பெரியவர் முதலில் பல்பைத் தொடவே இல்லை. விளக்கைப் போடச் சொன்னார். டிப்பரை மாற்றச் சொன்னார். டிப்பில் இருக்கும்போதும் ஓட்டுநரின் முன்னே உள்ள நீலச் சிறுவிளக்கு மங்கலாக மினுங்கிற்று. விளக்கைப் போட்டதும், போடாத இண்டிகேட்டரும் இலேசாகச் சிவந்தது. அவர் புன்னகைத்தார்.

“தம்பி, பல்பு நல்லாத்தான் இருக்கு. போன கரண்டு திரும்பி வர வழியில்லாம முழிக்குது.”

“அண்ணாச்சி, ரெண்டு பல்பு மாத்திட்டேனே!”

“பத்து மாத்தினாலும் இதே கதைதான்.”

காரில் மின்சாரம் பாட்டரியின் ஒரு முனையிலிருந்து கம்பி வழியாக விளக்குக்குச் செல்லும். மறுமுனைக்குத் திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடலே வழி. இதனைத் தொழிலாளர் ‘எர்த்து’ என்பர். விளக்கிலிருந்து வரும் ஒரு சிறு கம்பியை உடலோடு இணைக்கும் ஒற்றைத் திருகாணியில்தான் அவ்வழி தொடங்குகிறது. அத்திருகாணி துருவேறினால், மின்சாரம் வேறு சந்து தேடும். டிப் இழையின் வழியே வந்தது, அதே பல்பின் மற்றோர் இழையில் பின்னோக்கி ஏறி, வலப்பக்க விளக்கையும் நீல விளக்கையும் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரும். அதனால்தான் எரிய வேண்டியது மங்குகிறது. எரியக் கூடாதது மினுங்குகிறது.

சொன்னதை அவர் மெய்ப்பித்தும் காட்டினார். கையில் இருந்தது கம்பி கட்டிய 12 வோல்ட் சோதனை விளக்கு ஒன்றே. ஒரு முனையை வண்டியின் சுத்தமான இரும்பிலும், மறுமுனையை விளக்குக்கு வரும் கம்பியிலும் வைத்தார்; பளிச்சென்று எரிந்தது. வரும் வழி நன்று. பிறகு ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை முகப்பு விளக்கின் எர்த்துக் கம்பியிலும் வைத்தார், அழுதுவடிந்தது. திரும்பும் வழி பழுது. இறுதியாக ஒரு தனிக் கம்பியால் பாட்டரியின் எதிர்முனையையும் விளக்கின் எர்த்தையும் நேரே இணைத்தார். இடப்பக்க விளக்கு, பட்டப்பகலிலும் கண் கூசும்படி எரிந்தது. ஓட்டுநரின் முகத்தில் அவ்வொளி பட்டதை நாம் கண்டோம்.

திருகாணியைக் கழற்றியபோது அதன் கீழே இரும்பில் துருவும் செம்பில் பச்சைக் களிம்பும் படர்ந்திருந்தன. செம்பிற் களிம்பை ஆணவ மலத்துக்கு உவமை கூறுவர் சைவ சித்தாந்திகள்; வெளியே இருந்து வந்து ஒட்டாமல் உடன் பிறந்த மாசு அது என்பர். பெரியவருக்கு அந்தத் தத்துவம் வேண்டியிருக்கவில்லை. உப்புத்தாளால் இரும்பு வெள்ளையாகும்வரை தேய்த்தார். புதிய முனை வைத்து, பல் வாஷர் போட்டு இறுக்கினார். மேலே கிரீஸ் தடவினார். இரண்டு பல்பின் விலையில் ஒரு சிறு பங்கே கூலியாகக் கேட்டார்.

இந்தச் சிறு மாசு அவ்வளவு செய்யுமா என்று வாசகர் ஐயுறலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 60 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். திருகாணியின் அடியில் கால் ஓம் மின்தடை சேர்ந்தாலே ஏறத்தாழ ஒரு வோல்ட் அங்கே தொலையும். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளியும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று எண்ணலாகாது; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கைவண்டிக்காரர் தெரிவதற்கும் தெரியாமற்போவதற்கும் இடையே நின்றது அந்தக் களிம்புதான்.

நூறு வாட் பல்பைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் கடிந்துகொண்டார். அது எட்டு ஆம்பியருக்கு மேல் கேட்கும்; பழைய மெல்லிய கம்பியும் சுவிட்சும் அதைத் தாங்காமல் சூடேறி உருகும். ஒளி போதாதென்றால் பாட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடித்த கம்பி இழுத்து, இடையே ரிலே பொருத்த வேண்டும். அப்போது சுவிட்சின் வழியே சிறிதளவு மின்னோட்டமே செல்லும், பெருஞ்சுமை ரிலேயின் மேல் விழும் என்றார். நோயையும் நோயின் காரணத்தையும் ஆராய்ந்து மருந்து செய்யச் சொன்ன வள்ளுவர், இவரைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று தோன்றிற்று.

2005 சூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, குர்லாவும் சயானும் வெள்ளத்தில் நின்றபோது, எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. நீர் வடிந்ததும் எஞ்சினைத் துடைத்து ஓட்டினர். வாரங்கள் பல கழிந்தபின், நீர் புகுந்த இணைப்புகளில் களிம்பு பூத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் மங்கின. பெரியவரின் முன்னே வண்டிகள் வரிசையில் நின்றன. பெரும்பாலானவை ‘பல்பு போச்சு’ என்றே வந்தவை.

பெரியவர் ஆண்டுக்கொரு முறை கோயில் கொடைக்கு ஊர் சென்று வருவார். எத்தனை வேலை காத்திருந்தாலும் அதைத் தவறவிட்டதில்லை. ஒருமுறை நாம் அதுபற்றிக் கேட்டபோது, “போறதும் வர்றதும் சரியா இருந்தாத்தான் வெளிச்சம்” என்று சொல்லிவிட்டுக் கம்பியைச் சீவத் தொடங்கினார்.

அவர் இன்று இல்லை. பத்மினியும் சாலையில் இல்லை. இன்றைய கார்கள் பலவற்றில் விளக்கு மூடி முத்திரையிட்ட எல்.இ.டி. பெட்டியாக வருகிறது, பழுதானால் பெட்டியையே மாற்றுகின்றனர். ஆனாலும் இன்றைய விளக்குக்கும் திரும்பும் வழி வேண்டும். இன்றைய எர்த்துத் திருகாணியிலும் களிம்பு ஏறும். அவர் அறிந்த முறை இன்னும் செல்லும். அதை அவர் எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லி நாமும் எவரும் கேட்கவில்லை. தாராவியிலும் செம்பூரிலும் தமிழ் பேசிக்கொண்டே தொழில் கற்ற இத்தகையோர் இன்னும் சிலர் உளர். சங்க மலர்களில் கவிதைக்கும் ஆராய்ச்சிக்கும் இடம் தருகிறோம். அவர்களை அமர்த்திக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே தொழிலை எழுதி வைக்கவும் சில பக்கங்கள் ஒதுக்கலாம். இதனை அப்பணியின் முதற் பக்கமாகக் கொள்க.