மூன்று பாக்கெட் போதுமா?

குளியலறைக்கு எத்தனை டைல்ஸ் வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நீளத்தை அகலத்தால் பெருக்கு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர், முடிந்தது. டைல்ஸ்களுக்கு நடுவே விடும் சந்துகளை அடைக்க எவ்வளவு கிரவுட் பவுடர் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒன்று சொல்வார், மேஸ்திரி வேறொன்று சொல்வார். வீட்டுக்காரர் இரண்டையும் நம்பாமல் கையிலிருக்கும் பணத்துக்கு ஏற்றபடி வாங்குவார். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அம்மாவுக்கு வயது 76. காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்தை விட்டு தில்லிக்கு வந்து எங்களோடு இருக்க அவர் சம்மதிக்கவே நான்கு வருடம் ஆயிற்று. வந்த மூன்றாம் நாள், கிட்வாய் நகர் வீட்டின் குளியலறையில் வழுக்கிவிட்டார். கை குழாயைப் பிடித்துக்கொண்டதால் எலும்பு தப்பியது. சோப்புத் தண்ணீர் பட்டால் பனிக்கட்டியாகிவிடும் பழைய மொசைக் தரை அது. கண் புரை வேறு. எது ஈரம், எது காய்ந்த இடம் என்று அவருக்குத் தெரிவதில்லை. "ஊருக்கு டிக்கெட் எடுத்துடுப்பா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். பயந்துபோய்ச் சொன்னார்.

வீடு அரசுடையது. மனைவியின் வேலைக்காக ஒதுக்கப்பட்டது. எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, சொந்தச் செலவில் வேலையை ஆரம்பித்தோம். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பக்கத்திலேயே கோட்லா முபாரக்பூர். குழாய், ஆணி, சிமெண்ட், டைல்ஸ் என்று வீடு கட்டத் தேவையான எல்லாம் அந்தக் குறுகலான தெருக்களில் கிடைக்கும்.

வழுக்காத சொரசொரப்பான டைல்ஸ் வந்து இறங்கியதும் அம்மா ஒன்றைத் தடவிப் பார்த்தார். மேஸ்திரி இடைவெளி விட்டு அடுக்கிக் காட்டியதும் முகம் மாறியது. "ஏம்ப்பா, நம்ம வீட்டு ஆத்தங்குடிக் கல்லுல சந்தே இருக்காதே. இங்கே ஏன் இவ்வளவு இடைவெளி?"

நியாயமான கேள்வி. ஆத்தங்குடிக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடி மேல் சட்டம் வைத்து, வண்ணக் கலவையும் சிமெண்டும் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சட்டத்தின் அளவே கல்லின் அளவு. ஒட்ட ஒட்டப் பதிக்கலாம். மோர்பியிலிருந்து லாரியில் வரும் டைல்ஸ் உலையில் வெந்து சுருங்குபவை. ஒரே பெட்டியில்கூட மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தைச் சந்து விழுங்கிக்கொள்ளும். சந்து விடாமல் பதித்தால் நாலாவது வரிசையிலேயே கோடு கோணும். தவிர, வெயிலிலும் ஈரத்திலும் டைல்ஸ் சற்று விரியும். மே மாதத்தில் 45 டிகிரி, ஜனவரியில் 4 டிகிரி என்று இருக்கும் தில்லியில், அது விரிய இடமில்லாவிட்டால் தரையை விட்டு எழும்பிவிடும்.

அந்தச் சந்துகளுக்கான கணக்கை நானே போட்டேன். கஷ்டமான கணக்கல்ல. 30 சென்டிமீட்டர் டைல்ஸ் பதித்தால் ஒரு சதுர மீட்டரில் சந்துகளின் மொத்த நீளம் சுமார் 6.7 மீட்டர். அகலம் 3 மில்லிமீட்டர். ஆழம் டைல்ஸின் கனம், அதாவது 8 மில்லிமீட்டர். பெருக்கினால் 160 கன சென்டிமீட்டர். கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் என்று வைத்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதல். எங்கள் தரை ஏழடிக்கு ஐந்தடி, 3.25 சதுர மீட்டர். அதற்கு 830 கிராம். சுவர் 14 சதுர மீட்டர். அங்கே டைல்ஸ் பெரிது, சந்து 2 மில்லிமீட்டர்தான். அதற்கு இரண்டு கிலோ. ஆக மொத்தம் 2.8 கிலோ. சேதாரம் சேர்த்தால் 3.1.

"நாலு பாக்கெட்டாக எடுங்கள். பிரிக்காவிட்டால் திருப்பித் தரலாம்" என்றார் கடைக்காரர். நான் மூன்று கிலோ பாக்கெட்டுகளை மட்டும் வாங்கினேன். ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால் குறைத்தே சொல்லிப் பழகியவன் நான். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்தது.

மறுநாள் மேஸ்திரி, அம்மா குளிக்கும் பக்கத்தில், ஐந்தடிக்கு மூன்றடி இடத்துக்கான டைல்ஸை நான்கு நான்காக அறுத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டேன். பீகார்க்காரர், நிதானமாகப் பதில் சொன்னார்: "சார், தண்ணீர் ஜாலியை நோக்கி நாலு பக்கத்திலிருந்தும் இறங்கணும். பெரிய டைல் வளையாது. சின்னதாக இருந்தால் வாட்டம் சரியாக வரும். சந்து நிறைய இருந்தால் மாதாஜியின் காலுக்கும் பிடிமானம் கிடைக்கும்."

அவர் சொன்னது சரி. என் கணக்கும் சரிதான், ஆனால் அது வேறு ஒரு தரைக்கான கணக்கு. டைலின் பக்கம் பாதியானால் சந்தின் நீளம் இரட்டிப்பாகும். அந்த மூன்றடிக்கு மட்டும் 360 கிராம் கூடுதலாகத் தேவைப்பட்டது. சுவரும் காய்ந்த பக்கத் தரையும் முடிந்தபோது மூன்றாவது பாக்கெட்டில் ஒரு பிடி பவுடர் மிச்சமிருந்தது. தேவை முக்கால் கிலோ.

தண்ணீரை அதிகம் விட்டுப் பெருக்கினால் வெளுத்துத் திட்டுத்திட்டாகும், பலமும் போகும். வெள்ளை சிமெண்ட் கலந்தாலும் நிறம் மாறும். கோட்லாவுக்கு ஓடினேன். அதே கம்பெனி, அதே சாம்பல் நிறம், ஆனால் வேறு லாட். கொண்டுவந்து தொட்டு வைத்துக் காயவிட்டால் ஒரு சாயல் வித்தியாசம். பளிச்சென்று தெரிந்தது.

மேஸ்திரி சிரித்தார். "கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தப்பு என்று தெரியும். அடியோடு வேறாக இருந்தால், வேண்டுமென்றே செய்தது என்று நினைப்பார்கள். கறுப்பு வாங்கி வாருங்கள்."

பாக்கெட்டை மாற்றிக் கரும் சாம்பல் நிறம் வாங்கினேன். மாலைக்குள் வேலை முடிந்தது. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் போடவில்லை. அங்கே அசைவு இருக்கும், வெடித்துவிடும் என்று சிலிக்கான் அடைத்தார். மூன்று நாள் யாரும் தண்ணீர் ஊற்றி அலசக் கூடாது என்று உத்தரவிட்டுப் போனார்.

நான்காம் நாள் அம்மா குளித்துவிட்டு வந்தார். நான் அறைக்கு வெளியிலேயே நின்றிருந்தேன். தப்பை மறைக்கப் போட்ட கறுப்பைப் பற்றி என்ன சொல்வாரோ என்று இருந்தது.

"கறுப்புக் கட்டம் வந்ததும் ஈரம் ஆரம்பிக்குதுன்னு தெரியுதுப்பா. சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் காலை வைக்கிறேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கட்டத்தை எண்ணிக்கிட்டே குளிச்சேன்" என்றும் சொன்னார்.

மிஞ்சிய கால் கிலோ கரும் பவுடரைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன், எங்காவது சந்து பெயர்ந்தால் பூசிக்கொள்ள. டிக்கெட்டைப் பற்றி அம்மா இன்னும் பேச்செடுக்கவில்லை.