வயலுக்கு ஒரு சாட்சி

காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு நெல் வெறும் பயிரன்று. காலத்தை அளக்கும் கருவியும் ஆகும். குறுவை, சம்பா, தாளடி என்னும் சொற்களைக் கொண்டே எங்கள் ஊரில் திருமணத்திற்கும் கடனுக்கும் நாள் குறித்தார்கள். தமிழ் கற்பிக்கும் நான், மருதத் திணையை நூலில் படிக்கும் முன்னரே வரப்பில் படித்தவன். என் அத்தா குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவர். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் மண்வெட்டியுடன் வயலுக்குச் செல்லும் அவர் உருவம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது.

1993 டிசம்பரில் காரைக்கால் அருகே புயல் கரை கடந்தபோது எங்கள் சம்பாப் பயிர் கதிர் விடும் நிலையில் இருந்தது. எட்டு நாள்கள் வயலில் வெள்ளம் நின்றது. நீர் வடிந்த பின்னர் கணக்கெடுக்க வந்த அலுவலர் சாலையில் நின்றவாறே எழுதிக்கொண்டு சென்றார். எங்கள் வயலோ சாலையிலிருந்து தொலைவில் இருந்தது. அடங்கலில் நிலவுடைமையாளர் பெயர் மட்டுமே இருந்தது. நிவாரணம் கேட்கச் சென்ற அத்தா வெறுங்கையுடன் திரும்பினார். "எழுதினதுதான் நிக்கும் தம்பி. நீ படி" என்று மட்டும் சொன்னார். அப்போது எனக்கு வயது 13.

அந்நாள் என் நெஞ்சில் மீண்டும் எழுந்தது, சில ஆண்டுகளுக்கு முன், புவியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் கணிப்பொறியில் ஒரு படத்தைக் காட்டியபோதுதான். கருமையும் வெண்மையும் கலந்த அப்படம் மேகம் மூடிய ஒரு நவம்பர் மாதத்தில், விண்ணிலிருந்து ரேடார் கருவியால் எடுக்கப்பட்ட டெல்டாவின் தோற்றம் என்றார்.

சாதாரண ஒளிப்படக் கருவி கதிரவன் ஒளியை நம்பியிருப்பது; மேகம் சூழ்ந்தால் அதற்கு மேகமே தெரியும். சம்பாப் பயிர் வளரும் காலமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். ரேடார் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் அலையைக் கொண்டு நிலத்தைக் காண்கின்றது. ஆகவே அதற்கு இரவும் மேகமும் தடையல்ல. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2012 ஏப்ரலில் ரிசாட்-1 என்னும் ரேடார் செயற்கைக்கோளை ஏவியது. ஐரோப்பியர் 2014 ஏப்ரலில் ஏவிய சென்டினல்-1ஏ, ஏறத்தாழ 5.5 சென்டிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளால், 12 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்தைக் காணுமாறு அமைக்கப்பட்டது.

நடவுக்கு நீர் நிறுத்திய வயல் கண்ணாடி போன்றது. தன்மீது சாய்வாக விழும் அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடும். எனவே படத்தில் அது கருமையாகத் தோன்றும். பயிர் வேரூன்றித் தூர் கட்டும்போது அலைகள் நீரிலும் தண்டிலும் மோதித் திரும்புவதால் அவ்விடம் நாளுக்கு நாள் வெளுத்துவரும். இம்மாற்றத்தை வரிசையாக நோக்கின் எவ்வயலில் எந்நாளளவில் நடவு நடந்தது, அது குறுவையா சம்பாவா என்பதனையும் கணிக்கலாம். நாற்று, தூர், கதிர் என நம் முன்னோர் பெயரிட்ட பருவங்களையே அக்கருவியும் தன் மொழியில் சொல்கின்றது என்பது எனக்கு வியப்பளித்தது.

இது வெறும் ஆய்வோடு நிற்கவில்லை. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து ரேடார் படங்களால் நெற்பரப்பைக் கணக்கிட்டது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து டெல்டா வறண்டபோது, அக்கணக்கு பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்குத் துணை நின்றது. சாலையில் நின்று எழுதும் கணக்குக்கு மாற்றாக, சாலையே இல்லாத வயலுக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

"அன்று இது இருந்திருந்தால்!" என்று வாய்விட்டுச் சொன்னேன். நண்பர் அமைதியாகக் கேட்டார்: "இருந்திருந்தால், பணம் யாருக்குப் போயிருக்கும்?"

நான் வாயடைத்துப் போனேன். வயல் மூழ்கியதை அப்படம் காட்டும்; அதனை உழுதவர் பெயரைக் காட்டாது. வாய்மொழிக் குத்தகைக்கு விண்ணிலும் சாட்சியில்லை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. அத்தா சொன்னபடி நான் படித்தேன். ஆய்வேடு எழுதிப் பட்டமும் பெற்றேன். ஆனால் அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு மனுக்கூட எழுதவில்லை. அவர் 2009இல் மறைந்தார். அதுவரை உழுத நிலத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். அறிவியல் விண்ணிலிருந்து செய்யவேண்டியதைச் செய்து வருகின்றது. மண்ணில் செய்யவேண்டியது நம் எழுதுகோலின் கடமையாகும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அடங்கலை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அதில் உங்கள் தந்தையின் பெயர் இல்லையெனில், நீங்கள் கற்ற தமிழில் எழுதும் முதல் கட்டுரை அந்த மனுவாக இருக்கட்டும்.