ஓட்டமாவடிப் பாலத்தில் ஒரு விடியற்காலை

பொலன்னறுவையிலிருந்து கீழ்த்திசை நோக்கி வரும் பெருஞ்சாலை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புணானை ஆகிய ஊர்களைக் கடந்து, காட்டையும் வயலையும் மாறி மாறிக் காட்டியவண்ணம் வாவிக்கரையை வந்தடைகிறது. அவ்விடத்தே அமைந்த ஊர்தான் ஓட்டமாவடி. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூர், கோறளைப்பற்று மேற்குப் பிரிவின் தலைமையிடமாகும். முஸ்லிம் மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். பாலத்தைத் தாண்டினால் வாழைச்சேனை; அதற்கப்பால் கல்குடாவும் பாசிக்குடாவும். உல்லாசப் பயணிகள் பாசிக்குடாவின் ஆழமற்ற கடலை நாடி விரைந்து விடுவர். நானோ ஒரு தோழியின் அழைப்பின்பேரில் ஓட்டமாவடியிலேயே இரு நாள் தங்கினேன். அங்கு நான் கண்டதும் கற்றதும் நம் இல்லத்துப் பெண்கள் யாவருக்கும் பயன்படுமென எண்ணி இதனை எழுதுகிறேன்.

பாங்கொலி கேட்டு வீடு விழித்தது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் தோழியும் அவளுடைய உம்மாவும் என்னை உடனழைத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தனர். வாவியின் மேல் மெல்லிய பனி படர்ந்திருந்தது. தோணிகள் சில கரை திரும்பிக்கொண்டிருந்தன. இருவரும் பேசிக்கொண்டே நடந்தனர். ஆனால் நடை தளரவில்லை.

“இந்த நடை எப்போது தொடங்கிற்று?” என்று வினவினேன்.

தோழி சிரித்தாள். “சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன நாளில் தொடங்கிற்று. உம்மா எனக்குத் துணைக்கு வருகிறார். உண்மையில் என்னைவிட அவருக்குத்தான் இளைப்பில்லை.”

உம்மாவின் விடை என் உள்ளத்தில் தைத்தது. “நாங்கள் தேகப்பயிற்சி என்று ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை, மகள். நெல் குற்றினோம், தண்ணீர் சுமந்தோம், வயலுக்கு நடந்தோம். இப்போது மா அரைக்க மில் இருக்கிறது, தண்ணீர் குழாயில் வருகிறது. நல்லதுதான். ஆனால் உடம்புக்கு மட்டும் வேலையில்லை; மனத்துக்கு ஓய்வில்லை.”

உலக்கையையும் குடத்தையும் மீண்டும் பெண்கள் தலையில் ஏற்ற வேண்டுமென்று எவரும் சொல்லார். அவ்வுழைப்பில் துன்பமும் இருந்தது. எனினும் அதனோடு போன அசைவை வேறு வழியில் ஈடுசெய்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபடுதல் நன்று. நாளொன்றுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான நடையின் அளவுகோல். ஒரே மூச்சில் முப்பது நிமிடம் கிடைக்காதெனில் காலையும் மாலையுமாகப் பிரித்துக்கொள்ளலாம். உண்டபின் பத்து நிமிடம் மெல்ல உலாவுவது இரத்தத்தில் சீனி மிகுவதைத் தணிக்கும்.

தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வாரத்தில் இரு நாளேனும் வேண்டும். இதற்குக் கருவியொன்றும் வேண்டா. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்தல், சுவரில் உள்ளங்கை பதித்து உடலைத் தள்ளுதல், குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல் ஆகிய இவை போதும். மாதவிடாய் நின்ற பின் எலும்பு விரைவில் தேய்வதால், நடுவயதுப் பெண்களுக்கு இவை மிகவும் இன்றியமையாதவை. நெஞ்சுவலியோ தலைச்சுற்றோ உடையவர்களும், கருவுற்றவர்களும், நீரிழிவுக்கு மருந்து கொள்பவர்களும் வைத்தியரைக் கலந்த பின்னரே புதுப் பயிற்சியைத் தொடங்குக.

வீடு திரும்பியதும் சமையற்கட்டுக்குச் சென்றேன். முருங்கையிலைச் சுண்டல், தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணம், சிவப்பரிசிச் சோறு, பொரித்த நெத்தலி, மண்சட்டியில் எருமைத் தயிர். விலையுயர்ந்த சத்துமா எதற்கு? கீரையில் இரும்புச் சத்துண்டு; அதன்மேல் தேசிக்காய் பிழிந்தால் உடல் அதனை எளிதில் ஏற்கும். முள்ளோடு உண்ணும் நெத்தலியும் தயிரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தளிக்கும். ஆனால் உண்டவுடன் தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். ஆதலால் ஒரு மணி நேரமேனும் பொறுத்தருந்துதல் நலம்.

தேநீரில் இடும் சீனியையும் கணக்கிட வேண்டும். ஒரு கோப்பைக்கு இரு தேக்கரண்டி வீதம் ஐந்து கோப்பை அருந்துபவர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் சீனியை உட்கொள்கிறார். 25 கிராமுக்குக் கீழ் நிறுத்துதல் மேலானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துப் பார்த்தால் நாக்கு தானே பழகிவிடும். உப்பும் எல்லாவற்றிலுமாகச் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டலாகாது. கருவாடும் ஊறுகாயும் அன்றாடம் வேண்டாமென்பது இதனாலேதான். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ என்று பகுத்துக்கொள்வது நல்ல முறை.

இத்தனையும் அறிந்த அவ்வீட்டில், மதிய உணவின்போது ஒன்றைக் கண்டேன். ஆண்களும் பிள்ளைகளும் உண்டெழுந்த பின்னரே தோழி தட்டெடுத்தாள். அப்போது சட்டியில் மீன் இல்லை. சுண்டல் ஒரு பிடிதான். சோறு மட்டும் நிறைய இருந்தது. ஆணத்தை ஊற்றிப் பிசைந்து உண்டாள். நீரிழிவுள்ளவளின் தட்டில் சோறே மிகுந்திருந்தது! இஃது ஓட்டமாவடிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. எங்கள் வீட்டிலும் என் தாயார் அவ்வாறே உண்டார். தமிழ் பேசும் இல்லங்களில் எத்தனை தாய்மார் இன்றும் அவ்வாறே உண்கின்றனர்! நல்லுணவு அடுப்பில் இருந்தும் அதனைச் சமைத்தவளுக்கு எட்டாதிருப்பது எவ்வளவு பெரிய பிழை!

அன்று மாலை மீண்டும் பாலத்தருகே நின்றோம். ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலமும், 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. முன்னாளில் புகைவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் அந்த ஒடுங்கிய இரும்புப் பாலம் ஒன்றே வழி. புகைவண்டி கடக்கும்வரை மற்றவரெல்லாம் கரையில் காத்திருக்க வேண்டும். சாலைக்கெனத் தனிப்பாலம் அமைந்த பின்னரே அக்காத்திருப்பு நீங்கிற்று.

“எங்கள் நாளும் பழைய பாலந்தான், மகள்” என்றார் உம்மா. “எல்லாரும் கடந்த பிறகே நாங்கள் கடப்போம்.”

அவர் விளையாட்டாகவே சொன்னார். எனினும் அதனினும் தெளிவாக இதனை எவராலும் கூற முடியாது. பெண்ணின் நலத்துக்குத் தடையாய் நிற்பது அறியாமையன்று, உணவின்மையன்று. அவளுக்கென ஒரு தனிவழி இல்லாமையே. நாளில் அரை மணி நேரமும், மீனிலும் கீரையிலும் அவளுடைய பங்கும் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். கணவர் காலைத் தேநீரை வைக்கலாம். மூத்த பிள்ளை தம்பி தங்கையரைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தலாம். யாவரும் ஒருங்கே அமர்ந்து உண்ணலாம். முப்பத்தைந்து வயது நிறைந்த பெண்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்று குருதியமுக்கத்தையும் சீனியையும் சோதித்துக்கொள்ளலாம்.

மறுநாள் நான் புறப்படுமுன், தோழியின் கடைசி மகன் சட்டியிலிருந்து பெரிய மீன் துண்டொன்றை எடுத்து வேறொரு கிண்ணத்தில் வைத்து மூடினான். “இது உம்மாவுக்கு” என்றான். அவன் தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அச்சிறுவன் கற்ற பாடத்தை நம் இல்லத்துப் பிள்ளைகளும் கற்பார்களாக!