காவலூரில் ஓர் இரவு

வாணியம்பாடி வழியாக ஜவ்வாது மலை ஏறிக் காவலூரை நாம் அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நகரத்து விளக்கொளி எட்டாத அவ்வனத்தில் வான ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது.

1977 மார்ச் 10-ஆம் தேதி, யுரேனஸ் கிரகம் நெருங்குமுன்பே ஒரு நட்சத்திரத்தின் ஒளி மங்கி மீண்டது. கிரகத்தைச் சுற்றி வளையங்கள் உண்டென்று அன்று வெளிப்பட்டது. அம்மங்கலைக் குறித்த இடங்களுள் காவலூரும் ஒன்று!

பெரிய தூரதிருஷ்டிக் கண்ணாடியின் ஆடி 2.34 மீட்டர் அகலமுடையது. அதைத் தேய்த்து மெருகிட்டவர்கள் நம் நாட்டவரே. அதற்காகவே உழைத்த வைணு பாப்பு 1982-இல் காலமானார். 1986-இல் அது அவர் பெயரைப் பூண்டது.

"அவர் அதில் பார்க்கவே இல்லையா, அப்பா?" என்றான் எம் புதல்வன்.

"இல்லை, குழந்தாய். பிறர் பார்ப்பதற்காக உழைத்தார்" என்றோம்.

அவன் நெடுநேரம் வானத்தையே நோக்கி நின்றான்.