தேய்ந்த தரை

தரையைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. காலுக்குக் கீழே கிடப்பது கருத்துக்கும் எட்டுவதில்லை போலும்! ஆயினும் இவ்வாண்டு நம் சங்க அறையின் தரை இரண்டு செயற்குழுக் கூட்டங்களை விழுங்கிவிட்டது. ஆதலால் அதைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

நம் அறையில் இருப்பது லேமினேட் தரை. பார்வைக்குத் தேக்கு, உண்மையில் தேக்கு அன்று. மர நாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய பலகை. அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதற்கும் மேலே தேய்மானத்தைத் தாங்கும் மெல்லிய மெலமைன் படலம். அவ்வளவுதான். 1977இல் சுவீடன் நாட்டில் உருவான பொருள் இது. நம் ஊர்ப் பக்கத்துக் காவித் தரை நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். உண்மையான மரத்தரை மங்கினால் இழைத்து மெருகேற்றலாம். லேமினேட்டை இழைத்தால் படம் போய்விடும். எனவேதான் 'எப்போது மாற்றுவது?' என்னும் வினா இதற்கு மட்டும் இவ்வளவு கூர்மையாக எழுகிறது.

கூட்டத்தில் இரு கட்சிகள். "பொலிவு போய்விட்டது; முழுவதையும் பெயர்த்துவிட்டுப் புதிது போடுவோம்" என்றனர் சிலர். "நூல் வாங்க வைத்த பணத்தைத் தரையில் கொட்டுவதா?" என்றனர் வேறு சிலர். இரு சாராரும் தரையை நின்றபடியே பார்த்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குனிந்து பார்த்தேன்.

மங்கல் ஒரு நோயே அன்று. சோப்புநீரின் படிவே பெரும்பாலும் மங்கலாகத் தெரிகிறது; நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தபோது பாதி அகன்றது. சிறு கீறல்களை அதே நிற மெழுகால் அடைத்துவிடலாம். சன்னல் ஓரத்தில் இரண்டு பலகைகள் கூரைபோல் எழும்பி நிற்கின்றன. அதற்கும் மாற்றம் தேவையில்லை. ஆகஸ்டு மாதத்தில் தில்லிக் காற்றில் ஈரம் ஏறும்போது பலகை விரியும். சுவரோரம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இல்லையென்றால், அது வேறு எங்கே போகும்? மேலேதான் எழும்பும். ஓரத்தைச் சிறிது அறுத்துவிட்டால் மீண்டும் படியும்.

ஆனால் தண்ணீர்க் குழாயின் அருகில் கண்டது வேறு. அங்கே எட்டுப் பலகைகள் பொருத்துவாய்களில் ஊதியிருக்கின்றன. உள்ளே நீர் புகுந்து நார் உப்பிவிட்டது. கோடையில் உலர்ந்தும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இனித் திரும்பவும் திரும்பாது. ஓரிடத்தில் படம் உரிந்து பழுப்புப் பலகை தெரிகிறது. இவற்றுக்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் நம் வாசிப்புக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறார். அவருடைய வெண்கோலின் நுனி அந்த விளிம்புகளில் சிக்குகிறது. இருமுறை தடுமாறிய பிறகு அவர் தண்ணீர் குடிக்க எழுவதையே விட்டுவிட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் கூச்சம். நாம் அழகைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்த இரண்டு மாதமும் அவர் தாகத்தோடு அமர்ந்திருந்தார். ஒரு தரை நம்பி நடக்கத் தக்கதா என்பதல்லவா முதற் கேள்வி? பொலிவு அதற்குப் பிறகுதான்.

எனவே பொதுக்குழுவின் முன் என் கருத்தை வைக்கிறேன். முதலில் ஒழுகும் குழாயைத் திருத்துவோம். அதைச் செய்யாமல் புதுப் பலகை போடுவது வீண் வேலை. பின்பு அந்த எட்டுப் பலகைகளை மட்டும் மாற்றுவோம். அதே நிறம் இப்போது கடையில் கிடைக்கவில்லையென்றால், அலமாரிக்கு அடியில் உள்ள நல்ல பலகைகளை எடுத்து இங்கே பொருத்திவிட்டு, புதியவற்றை அலமாரிக்கு அடியில் இடலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. மீதிப் பணம் நூல்களுக்கே போகட்டும்.

மங்கிய தரையில் அமர்ந்து படிப்பதால் நமக்கு ஒரு குறையும் வராது. குழாய் ஓரத்து வேலையை மட்டும் அடுத்த வாசிப்புக் கூட்டத்துக்கு முன் முடித்துவிடுவோம், நண்பர்களே!